கார் ஏசி-யில் ‘டக்’ சத்தம் வரலையா? பட்டு நூல் சுற்றிக் காந்தம் செய்த ஜோசப் ஹென்றியின் கதை

முகூர்த்த மாதங்களில் ஆரணி ஜவுளிக் கடைகளுக்கு முன்னால் வெளியூர் கார்கள் வரிசை கட்டி நிற்கும். கல்யாணப் பட்டு எடுக்க வந்தவர்கள் கடைக்குள். காருக்குள் வயதான தாத்தாவும் தூங்கிப்போன ஒரு குழந்தையும், ஏசி-யை நம்பி. அரை மணி நேரம் ஜோராக வந்த காற்று திடீர்னு வெதுவெதுப்பாகிவிடும். ஃபேன் ஓடுது, ஏசி பட்டனில் லைட் எரியுது, குளிர் மட்டும் இல்லை.

ஒர்க்‌ஷாப்புக்குப் போனால் பெரும்பாலும் முதல் பதில் இதுதான்: கேஸ் குறைஞ்சிருக்கும், போட்டுடலாம். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனா அதுக்கு முன்னால் கேட்க வேண்டியது ஒரு சத்தம். ஏசி பட்டனை அழுத்தினதும் பானெட்டுக்குள் ‘டக்’னு ஒன்று கேட்கும். கம்ப்ரஸரின் முகப்பில் இருக்கும் மேக்னடிக் கிளட்ச் ஒட்டும் சத்தம் அது. கம்ப்ரஸர் புல்லி இன்ஜின் ஓடும் வரை பெல்ட்டோடு சும்மா சுற்றிக்கொண்டே இருக்கும். அதற்குப் பின்னால் இருக்கும் காயிலில் கரன்ட் பாய்ந்தால் அது காந்தமாகி, முன்னால் இருக்கும் தட்டைப் புல்லியோடு இழுத்து ஒட்டவைக்கும். அப்போதுதான் கம்ப்ரஸரே சுழலும். ‘டக்’ இல்லை என்றால் குளிரும் இல்லை.

இந்தக் கிளட்ச் சர்க்யூட்டில் கவனிக்க வேண்டியவை மூன்று. காயில், அதற்கு கரன்ட் அனுப்பும் ரிலே, காயிலோடு சேர்த்து மாட்டியிருக்கும் ஒரு சின்ன டயோடு. காயிலை இப்படிச் சுற்றலாம்னு காட்டியவர், ரிலேவின் அடிப்படையைக் கண்டவர், டயோடு எந்தத் தொல்லையைத் தடுக்க அங்கே இருக்கோ அந்தத் தொல்லையை முதலில் கவனித்தவர், மூவரும் ஒரே ஆள். பிளஸ் டூ இயற்பியலில் மின்தூண்டல் எண்ணின் அலகாக நாம் மனப்பாடம் பண்ணிய ‘ஹென்றி’. அமெரிக்காவின் ஜோசப் ஹென்றி. அவர் வேலையின் நடுவே பட்டு நூலும் இருக்கிறது.

முயலைத் துரத்திப் போன பையன்

1797 டிசம்பர் 17, நியூயார்க் மாகாணத்தின் ஆல்பனி நகரம். ஸ்காட்லாந்திலிருந்து வந்து குடியேறிய ஏழைக் குடும்பம். சின்ன வயதிலேயே ஹென்றியை கால்வே என்ற கிராமத்தில் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பள்ளிக்கூடம் பாதி நேரம், மளிகைக் கடை வேலை மீதி நேரம்.

வளர்த்த முயல் ஒன்று தப்பித்து சர்ச்சுக்கு அடியில் நுழைய, பின்னாடியே தவழ்ந்து போன பையன் உடைந்த தரைப் பலகை வழியாக மேலே ஏறிப் பார்த்தால், அது ஊர் நூலக அறை. அங்கேதான் கதைப் புத்தகப் பைத்தியம் பிடித்தது என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

பதின்ம வயதில் ஆல்பனிக்குத் திரும்பி, கடிகாரமும் வெள்ளி வேலையும் செய்யும் ஒருவரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். அதிலும் நிலைக்கவில்லை. நாடகத்தில் நடிக்க வேண்டும் என்பதுதான் அப்போது அவர் கனவு. பதினாறு வயதில் உடம்பு சரியில்லாமல் படுத்திருந்தபோது, வீட்டில் வாடகைக்கு இருந்தவர் விட்டுவைத்த அறிவியல் புத்தகம் ஒன்று கையில் கிடைத்தது. நாடக ஆசை அத்தோடு போச்சு.

1819-ல் ஆல்பனி அகாடமியில் சேர்ந்தபோது வயது 21. சக மாணவர்கள் எல்லாம் சின்னப் பசங்க. செலவுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார், சாலை அளக்கும் சர்வே வேலைக்கும் போனார். 1826-ல் அதே அகாடமியில் கணிதம், இயற்பியல் பேராசிரியர். பேர் பேராசிரியர்தான், ஆனா ஒரு நாளைக்கு ஏழு மணி நேரம் வகுப்பு. அதில் பாதி சின்னப் பிள்ளைகளுக்குக் கூட்டல் கழித்தல். பெரிய ஹால் ஆய்வுக்குக் காலியாகக் கிடைப்பது ஆகஸ்ட் விடுமுறையில் மட்டும். இந்த ஆகஸ்ட் விஷயத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க.

பட்டு எங்கிருந்து வந்தது?

மின்காந்தத்தை ஹென்றி கண்டுபிடிக்கவில்லை. இங்கிலாந்தில் வில்லியம் ஸ்டர்ஜன் 1825-லேயே அதைச் செய்துகாட்டிவிட்டார். லாட வடிவ இரும்புக்கு வார்னிஷ் பூசி, அதன் மேல் வெறும் செப்புக் கம்பியை இடைவெளி விட்டுச் சுமார் 18 சுற்று சுற்றினார். சுமார் 200 கிராம் இரும்பு, 4 கிலோ எடையைத் தூக்கியது. கம்பியில் காப்பு இல்லாததால் சுற்றுகள் ஒன்றையொன்று தொடக்கூடாது. தொட்டால் கரன்ட் குறுக்கு வழியில் போய்விடும். அதனால் அதிகச் சுற்று போட முடியாது.

ஹென்றி இதைத் திருப்பிப் போட்டார். இரும்புக்கு ஏன் காப்பு? கம்பிக்கே காப்பு போட்டால்? செப்புக் கம்பியின் மேல் பட்டு நூலைச் சுற்றினார். இப்போது சுற்றுகளை ஒட்டி ஒட்டி நெருக்கமாகவும், ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கடுக்காகவும் போடலாம்.

ஆரணிக்காரங்களுக்கு இதைப் புரியவைக்கவே வேண்டாம். சரிகை என்பது பட்டு நூலின் மேல் மெல்லிய வெள்ளித் தகட்டைச் சுற்றி, தங்கப் பூச்சு கொடுத்தது. நூல் உள்ளே, உலோகம் வெளியே. ஹென்றியின் கம்பி சரிகையின் தலைகீழ்: உலோகம் உள்ளே, நூல் வெளியே. தார் சுற்றும்போது இழை தளர்ந்தால் என்ன ஆகும்னு தறி வீடுகளில் எல்லாருக்கும் தெரியும். காயிலுக்கும் அதே கதைதான். உலர்ந்த பட்டு கரன்ட்டைக் கடத்தாது, மெல்லிசு, ஆனா உறுதி. அந்தக் காலத்தில் இந்த வேலைக்கு அதைவிட நல்ல பொருள் கிடைப்பது கஷ்டம்.

இதில் ஒரு கதை உலாவுது. மனைவியின் பட்டுப் பாவாடையைக் கிழித்துத்தான் கம்பிக்குச் சுற்றினார் என்று. படிக்க சுவாரசியம்தான், ஆனா தேதி இடிக்குது. பட்டு சுற்றிய கம்பியோடு செய்த காந்தத்தை அவர் ஆல்பனியில் காட்டியது 1828 ஜூனில். ஹேரியட்டோடு திருமணம் நடந்தது 1830 மே மாதம்.

1831 ஜனவரியில் அவர் வெளியிட்ட கட்டுரையில் இருந்த காந்தம் சுமார் 9.5 கிலோ இரும்பு. அது தூக்கியது சுமார் 340 கிலோ. அதே ஆண்டு யேல் கல்லூரிக்குச் செய்துகொடுத்த காந்தம் 900 கிலோவைத் தாண்டித் தூக்கியது. நியூயார்க் மாகாணத்தில் ஓர் இரும்பு ஆலை, தாதுவைப் பிரிக்க அவருடைய காந்தத்தைப் பயன்படுத்தத் தொடங்கியது.

இன்றைய கிளட்ச் காயிலில் பட்டு கிடையாது, செப்புக் கம்பியின் மேல் எனாமல் பூச்சு. மற்றபடி அதே நெருக்கமான, அடுக்கடுக்கான சுற்றுகள். பெரும்பாலான கார்களில் காயிலின் மின்தடை 3 முதல் 4 ஓம் வரை இருக்கும், 12 வோல்ட்டில் 3 அல்லது 4 ஆம்பியர் எடுக்கும். கனெக்டரைக் கழற்றி மல்டிமீட்டரை வைத்தால், எல்லையில்லாத் தடை காட்டினால் காயில் உள்ளே அறுந்திருக்கு. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்டினால் எனாமல் கருகிச் சுற்றுகள் ஒன்றையொன்று தொட்டுவிட்டன. ஸ்டர்ஜன் பயந்த அதே பிரச்னை.

அரை மணி நேரம் கழித்து நின்றுபோகும் அந்த ஆரணி காருக்கு வருவோம். காயில் நல்லா இருந்தும் இப்படி ஆகலாம். கிளட்ச் தட்டுக்கும் புல்லிக்கும் நடுவே சுமார் அரை மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். வருஷக்கணக்கில் தேய்ந்து தேய்ந்து அது அகலமாகும். காந்த இழுப்பு இடைவெளி கூடினால் வேகமாகக் குறையும். அதோடு வெயில், இன்ஜின் சூடு. செப்பின் வெப்பம் 100 டிகிரி செல்சியஸ் கூடினால் மின்தடை சுமார் 40 சதவீதம் ஏறும். கரன்ட் குறையும், காந்தம் பலவீனமாகும், தட்டை எட்டிப் பிடிக்க முடியாது. காலையில் ஒட்டும், மதியம் ஒட்டாது, ஆறவிட்டால் மறுபடி ஒட்டும். இந்த அறிகுறி இருந்தால் கேஸுக்குக் காசு கொடுப்பதற்கு முன், ஃபீலர் கேஜ் வைத்து இடைவெளியை அளக்கச் சொல்லுங்க. பல மாடல்களில் தட்டுக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய ஷிம் வளையம் ஒன்றை எடுத்தால் போதும், பார்ட்ஸ் செலவே இல்லை.

தவறிப்போன ஆகஸ்ட்

காந்தத்திலிருந்து கரன்ட் எடுக்க முடியுமா? அன்றைய பெரிய கேள்வி இதுதான். ஹென்றி தன் பெரிய காந்தத்தை வைத்து அதைச் செய்து பார்த்துவிட்டார் என்று சொல்பவர்கள் உண்டு. ஆனா எழுதவில்லை. விடுமுறை முடிந்தது, ஹால் திரும்ப வகுப்பறை ஆனது, மறுபடி ஏழு மணி நேரப் பாடம். இன்னும் பெரிய கருவியோடு அடுத்த விடுமுறையில் முழுசாகச் செய்து வெளியிடலாம் என்று தள்ளிப் போட்டார்.

1831 நவம்பரில் லண்டனில் மைக்கேல் ஃபாரடே அதே கண்டுபிடிப்பை ராயல் சொசைட்டியில் படித்துவிட்டார். 1832-ல் செய்தி அட்லாண்டிக் தாண்டி வந்தபோதுதான் ஹென்றிக்குத் தெரிந்தது. அவசர அவசரமாக எழுதி அந்த ஜூலையில் வெளியிட்டார். மின்தூண்டலைக் கண்டவர் என்று உலகம் ஃபாரடேயைத்தான் சொல்லுது. முதலில் வெளியிட்டவருக்குத்தான் பெயர் என்ற விதியின்படி அது சரியும்கூட. ஆனா கல்லூரி, ஆய்வகம் எதுவும் இல்லாமல் ஒரு பள்ளி ஆசிரியர் அந்தப் பந்தயத்தில் இவ்வளவு பக்கத்தில் வந்தார் என்பதைப் பாடப்புத்தகம் ஒரு வரியிலாவது சொல்லலாம்.

அந்த 1832 கட்டுரையின் கடைசிப் பகுதியில் ஃபாரடே அதுவரை சொல்லாத ஒன்று இருந்தது. நீளமான கம்பிச் சுருளில் போகும் கரன்ட்டைத் துண்டித்தால், துண்டிக்கும் இடத்தில் பளிச்சென்று தீப்பொறி வருது. சின்னக் கம்பியில் வருவதில்லை. சுருள் தன் காந்தப்புலத்தை விட மறுத்து, தனக்குள்ளேயே ஒரு மின்னழுத்தத்தை உண்டாக்குது. தன் மின்தூண்டல் என்று நாம் படிப்பது இது.

உங்க காரில் கிளட்ச் ஒவ்வொரு முறை விடும்போதும் அந்தத் தீப்பொறி வரத் துடிக்கும். காயிலுக்குக் கொடுத்தது 12 வோல்ட்தான், ஆனா துண்டிக்கும் கணத்தில் நூற்றுக்கணக்கான வோல்ட் எகிறும். அதை வெளியே விடாமல் சுழற்றி அடக்கத்தான் அந்த டயோடு. டயோடு அறுந்துபோனால் ரிலே முனைகள் கருக ஆரம்பிக்கும். டயோடு ஷார்ட் ஆனால் ஏசி போடும்போதெல்லாம் பியூஸ் போகும். பியூஸை மட்டும் மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் ஒரு தடவை இதையும் பார்க்கலாம்.

சின்ன ‘டிக்’, பெரிய ‘டக்’

1832-ல் பிரின்ஸ்டன் அழைத்தது. தான் எந்தக் கல்லூரியிலும் பட்டம் வாங்காதவன் என்பதை அவர்களுக்கு முன்கூட்டியே எழுதித் தெரிவித்தார் ஹென்றி. அவர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை.

அவர் மண்டையைக் குடைந்த கேள்வி தூரம். கம்பி நீள நீள கரன்ட் சோர்ந்துபோகும். ஆல்பனியிலேயே ஒரு ஹாலைச் சுற்றிச் சுற்றி நீளமாகக் கம்பி இழுத்து, மறுமுனையில் மின்காந்தத்தால் மணி அடிக்கவைத்திருந்தார். ஆனா மணி அடிப்பது வேறு, பாரம் தூக்குவது வேறு. 1835 வாக்கில் பிரின்ஸ்டனில் வழி கிடைத்தது. தூரத்திலிருந்து வரும் பலவீனமான கரன்ட் ஒரு சின்னக் காந்தத்தை மட்டும் அசைக்கட்டும். அந்த அசைவு, பக்கத்திலேயே இருக்கும் பெரிய பேட்டரியின் சுவிட்சைத் தட்டட்டும். ரிலே என்பது அவ்வளவுதான். பிறகு ஆய்வகத்துக்கும் தன் வீட்டுக்கும் நடுவே கம்பி இழுத்துத் தகவல் அனுப்பிக்கொண்டிருந்தார்.

டாஷ்போர்டில் நீங்கள் அழுத்தும் பட்டன் நேராக கிளட்சுக்குக் கரன்ட் அனுப்புவதில்லை. இன்றைய கார்களில் கம்ப்யூட்டர் ஒரு சின்ன சிக்னலை ரிலேவுக்கு அனுப்பும், ரிலேதான் பேட்டரி கரன்ட்டைத் திறந்துவிடும். அதனால் பழுதைப் பாதியாகப் பிரிக்க ஒரு சுலபமான வழி இருக்கு. ஒருவர் உள்ளே ஏசி-யைப் போட, இன்னொருவர் பியூஸ் பாக்ஸ் பக்கம் காது கொடுக்கட்டும். ரிலேவின் சின்ன ‘டிக்’ கேட்டு, கம்ப்ரஸரின் பெரிய ‘டக்’ கேட்கலைன்னா, கோளாறு ரிலேவுக்குப் பிந்தைய பகுதியில்: ரிலே முனை, வயர், எர்த், காயில், இடைவெளி. ‘டிக்’கே வரலைன்னா, உத்தரவே வரவில்லை அல்லது ரிலே செத்திருக்கு. அதே நம்பர் உள்ள ஹாரன் ரிலேவை மாற்றிப் போட்டுப் பார்த்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

உத்தரவு ஏன் வராது? இங்கேதான் கேஸ் வருது. பைப்பில் அழுத்தம் குறைந்தால் பிரஷர் சுவிட்ச் கிளட்சை ஒட்டவிடாது. அழுத்தம் அளவுக்கு மீறினாலும் விடாது. வேண்டுமென்றே செய்த ஏற்பாடு இது. கம்ப்ரஸருக்கு உயவு எண்ணெய் கேஸோடு சேர்ந்துதான் சுற்றி வருது, கேஸ் இல்லாமல் ஓடினால் காய்ந்து இறுகிவிடும். அதனால் பிரஷர் சுவிட்சின் இரண்டு வயரையும் சேர்த்து முறுக்கி ஓடவைக்கிறேன்னு யாராவது சொன்னால் வேண்டாம்னு சொல்லிடுங்க. கேஸ் நிஜமாகவே குறைந்திருந்தால் எங்கோ கசியுது என்று அர்த்தம். கசிவைப் பார்க்காமல் கேஸ் மட்டும் போட்டால், காசும் சேர்ந்து கசியும். இன்னொன்று, இன்ஜின் ஓடும்போது பெல்ட் பக்கம் கையோ துப்பட்டாவோ போகக்கூடாது. சில புது மாடல்களில் கிளட்சே கிடையாது. அவற்றில் ‘டக்’ தேடிப் பயனில்லை.

காப்புரிமை வாங்காத மனிதர்

ஹென்றி தன் கண்டுபிடிப்பு எதற்கும் காப்புரிமை வாங்கவில்லை. அறிவியல் எல்லோருக்கும் பொது என்று நினைத்தார். சாமுவேல் மோர்ஸ் தந்திக் கருவியோடு திணறியபோது, ஹென்றியின் கட்டுரைகளைப் படித்திருந்த லெனர்டு கேல்தான் காயிலில் சுற்றுகளைக் கூட்டச் சொல்லிக் காப்பாற்றினார். மோர்ஸுக்கு ஹென்றியும் நேரடியாக ஆலோசனை சொன்னார். 1844-ல் வாஷிங்டன்–பால்டிமோர் தந்தி ஓடியது. அடுத்த ஆண்டு மோர்ஸின் கூட்டாளி ஆல்ஃபிரட் வெய்ல் எழுதிய தந்திப் புத்தகத்தில் ஹென்றிக்கு உரிய இடம் தரப்படவில்லை. பிறகு காப்புரிமை வழக்கில் ஹென்றி சாட்சி சொல்ல வேண்டி வந்தது. நடந்ததைச் சொன்னார். மோர்ஸ் 1855-ல் அவரைப் பொய்யர் என்கிற ரீதியில் நீண்ட தாக்குதலை அச்சிட்டார். ஸ்மித்சோனியன் நிர்வாகக் குழு விசாரித்து ஹென்றி பக்கம் நின்றது.

ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு 1846-லிருந்து அவர்தான் முதல் செயலாளர். அங்கே போனபின் சொந்த ஆய்வு குறைந்துபோனது. ஆனா நாடு முழுக்கத் தந்தி நிலையங்களிலிருந்து வானிலைத் தகவல் வாங்கி, 1850-களில் தினமும் வரைபடத்தில் காட்டினார். லிங்கன் ஆட்சியில் போர்க்காலக் கண்டுபிடிப்புகளை எடைபோட்டுச் சொன்னார். 1865 ஜனவரியில் கட்டடம் தீப்பிடித்ததில் அவருடைய பல ஆண்டுக் கடிதங்களும் குறிப்புகளும் சாம்பலாயின. யார் முதலில் என்ன செய்தார் என்ற சண்டையில் அவருக்கு உதவியிருக்கக்கூடிய காகிதங்கள் அதில் எத்தனை போனதோ.

இவ்வளவு நல்லவராகவே விட்டுவிட முடியாது. பிரின்ஸ்டனில் அவருக்கு உதவியாளராக இருந்தவர் சாம் பார்க்கர் என்ற கருப்பினத்தவர். பேட்டரி அமிலம் கலப்பது முதல் கருவிகளைத் தயார் பண்ணுவது வரை அவர் வேலை. மின் அதிர்ச்சியின் அளவைச் சோதிக்க அவர் உடம்பும் பயன்பட்டது. எந்தக் காயிலுக்கும் அவர் பெயர் வரவில்லை. 1862-ல் ஸ்மித்சோனியன் அரங்கில் நடந்த அடிமைமுறை எதிர்ப்புச் சொற்பொழிவு வரிசையில், விடுதலைப் போராளி ஃபிரெடரிக் டக்ளஸ் பேச ஹென்றி அனுமதி மறுத்தார். தன் பங்கு மறைக்கப்பட்ட வலி தெரிந்த ஒருவர் இதைச் செய்தார் என்பது எனக்கு இன்னும் உறுத்துது.

1875-ல் இளைஞர் ஒருவர் அவரைத் தேடி வந்தார். குரலைக் கம்பியில் அனுப்பும் யோசனை இருக்கு, ஆனா மின்சார அறிவு போதவில்லை என்றார். அதைக் கற்றுக்கொள் என்று அனுப்பிவைத்தார் 77 வயது ஹென்றி. வந்தவர் அலெக்சாண்டர் கிரகாம் பெல்.

1878 மே 13-ல் வாஷிங்டனில் ஹென்றி இறந்தார். இறுதிச் சடங்குக்குக் குடியரசுத் தலைவர் ஹேய்ஸ் வந்திருந்தார். 1883-ல் ஸ்மித்சோனியன் வளாகத்தில் சிலை வைத்தார்கள். 1893-ல் சிகாகோவில் கூடிய சர்வதேச மின்னியல் மாநாடு, மின்தூண்டல் எண்ணின் அலகுக்கு ‘ஹென்றி’ என்று பெயர் சூட்டியது. மின்தூண்டலை முந்தி வெளியிட்ட ஃபாரடேயின் பெயர் மின்தேக்குத் திறனின் அலகுக்குப் போயிருக்கிறது, ‘ஃபாரட்’ என்று.